சத்தமில்லாமல் போன ஓடை

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் ஓட வேண்டும். நின்றால் பிடிக்காது, வளைந்தால் பிடிக்காது, கல்லில் முட்டிச் சத்தம் போட்டால் அறவே பிடிக்காது. அவர் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டுகிற ஆள். மலைச்சரிவில் பெய்கிற மழை தேயிலை வேரோடு மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடாமல் இருக்க, குறுக்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பி விடுவார்கள். அந்த வாய்க்காலுக்குத்தான் எங்கள் பக்கம் கான் என்று பேர். கானுக்குள் ஒரு கல் கிடந்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் கரை உடையும், கரை உடைந்தால் அன்றைக்கு வேலை வாங்குகிற கங்காணி பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் தண்ணீருக்குள் கல்லைக் கண்டால் எடுத்து வெளியே போடுவது அவர் கைக்கு ஊறிப்போன காரியம். கல்யாண ஊர்வலத்திலேயே ஒரு தடவை ரோட்டோரம் குனிந்தார் என்று என் அக்கா சொல்லிச் சிரிப்பாள். அது பொய். மாலை கனத்துக் குனிந்திருப்பார்.

எனக்குத் தண்ணீர் வேறு மாதிரிப் பழக்கம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கீழே பீலி இருந்தது. மலை ஊற்றிலிருந்து மூங்கிலைப் பிளந்து தண்ணீரை இறக்கி விட்டிருப்பார்கள். விடியற்காலையில் அங்கே பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை எல்லாம் ஓடும். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கம். வாய்க்கு வேலை இல்லாததால் காதுக்கு வேலை வந்தது. தண்ணீர் குடத்தின் வயிற்றில் விழுகிறபோது ஒரு சத்தம், இடுப்புக்கு ஏறும்போது ஒரு சத்தம், கழுத்துக்கு வந்ததும் அது மெல்லிசாகிவிடும். பார்க்காமலே சொல்லிவிடுவேன். கதையில் மயங்கிக் குடத்தை வழிய விடுகிறவர்கள், “அடியே, எங்குடத்தையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லு” என்று என்னிடம் விட்டுவிடுவார்கள். அதற்காவது என்னை வேண்டியிருந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

எங்களுக்குக் கல்யாணமானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். தேயிலை விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்து, எத்தனையோ குடும்பங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய கெட்ட காலம் சற்றே ஓய்ந்திருந்தது. அதில் என் அக்கா வீட்டுக்காரருக்கும் தோட்டத்து வேலை போயிற்று. அத்தான் எப்படியோ அலைந்து நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பூந்தோட்டத்தில் நாள் கூலிக்குச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தின் பின்பக்கம் ஒற்றை அறையும் கொடுத்திருந்தார்கள். அக்காவும் அத்தானும் அங்கே இருந்தார்கள். அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக விருந்துக்குக் கூப்பிடுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகும் முன்பே நாங்கள் நடந்து வந்து பஸ் ஏறினோம். அவர் முன்னால், நான் நாலடி பின்னால். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை நான் அவரிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு வெற்றிலையில் மடித்துவிடலாம். அதில் பாதி “ம்”. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பது வேறு. கூப்பிட வேண்டுமானால் வளையலைக் குலுக்குவேன்.

அத்தானுக்கு என்னைக் கேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“வாங்க சகலை, வாங்க. என்னா, ஊமைச்சி பேசுதா?”

“பேசுதுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“அட! என்னா சொல்லுச்சு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “உப்புப் போதுமான்னு கேட்டுச்சு.”

“கேட்டியா புள்ள” என்று அத்தான் அக்காவைக் கூப்பிட்டார். “உன் தங்கச்சி பிரசங்கமே பண்ணியிருக்கு!”

என் வீட்டுக்காரர் கால் கழுவப் பின்பக்கம் போனார். நான் அக்காவுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். அப்போதுதான் அத்தான் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். அந்தத் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை அதிகாரி. அவர் ஜப்பான் தேசத்துத் தோட்டங்களைப் பற்றிப் படித்துவிட்டு, அதே மாதிரி இங்கே ஒரு குளமும், மரப்பாலமும், கல் நிறைந்த ஓடையும் அமைத்திருந்தார்.

“அந்த ஓடையில கெடக்குற கல்லு ஒவ்வொண்ணும் தொரை தன் கையால வச்சது. காச்சட்டையைச் சுருட்டிக்கிட்டு மாசக்கணக்கா தண்ணியில நின்னாரு. ஒண்ண வைப்பாரு, கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாரு, எடுப்பாரு, மறுபடி வைப்பாரு. எனக்கு முன்னால இருந்த ஆளு கத்தி தீட்டுறதுக்கு ஒரே ஒரு கல்லை எடுத்தான். அன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாரு.”

“அதை ஏன் இப்ப சொல்றீங்க?” என்றாள் அக்கா.

“இன்னிக்கு நாலு மணிக்குக் கொழும்புலேருந்து விருந்தாளிங்களைக் கூட்டிக்கிட்டு வாராரு. ஓடை நல்லா இருந்தா அடுத்த மாசத்துலேருந்து என்னை நிரந்தரமாக்குறதா சொல்லியிருக்காரு.”

“நல்லா இல்லாட்டி?”

“இல்லாட்டி உன் புள்ளை கப்பல்ல பொறக்கும்” என்று அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

கோழி அடுப்பில் ஏறியதும் அத்தான் எங்களுக்குத் தோட்டத்தைக் காட்டக் கிளம்பினார். முதலில் நீரூற்று. அந்தக் காலத்திலேயே பழையது, அத்தானின் தாத்தா வயதிருக்கும். இரும்புத் தொட்டிக்கு நடுவில் துணியில்லாத ஒரு குழந்தைச் சிலை மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மீன் வாயிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சும். வெயில் வந்தால் அதில் நிறம் நிறமாகத் தெரியும். நான் துணியில்லாத குழந்தையைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இந்தத் தண்ணி எதுக்கு மேல போவுது?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“கீழ விழுறதுக்குத்தான் சகலை.”

“கீழ விழுந்து?”

“அம்புட்டுத்தான்.”

அவர் நீரூற்றைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேலை இல்லாமல் அலைகிற சொந்தக்காரனைப் பார்ப்பது போல இருந்தது.

அடுத்தது குளம். காற்றில்லாத நேரம். எதிரே இருந்த மலை முழுவதும் தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கி இருந்தது. மேகம் போனால் குளத்துக்குள்ளும் போயிற்று. மலையை இத்தனை நாள் ஏறித்தான் பார்த்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. “இம்புட்டுத் தண்ணியைக் கட்டிப் போட்டிருக்காங்களே, வயலு எங்க?” என்றார் அவர். வயல் இல்லை என்று தெரிந்ததும் குளத்துக்கு முதுகைக் காட்டிவிட்டார்.

குளத்தின் ஒரு மூலையில் கடந்து போவதற்குத் தண்ணீருக்குள் கற்கள் போட்டிருந்தார்கள். ஒன்று இங்கே, ஒன்று அங்கே, கோணல் மாணலாக. பக்கத்திலேயே சிவப்புச் சாயம் பூசிய பாலமும் இருந்தது.

“பாலம் இருக்கையில கல்லு எதுக்கு? அதையும் நேராப் போடத் தெரியலையா?”

“தொரை வேணும்னுதான் அப்பிடிப் போட்டிருக்காரு. கல்லு மேல போறவன் காலைப் பாத்து வைக்கணுமாம். காலைப் பாத்தா தண்ணியையும் பாப்பானாம். நேரா நடக்குறவன் ஒண்ணையும் பாக்க மாட்டானாம்.”

“நாங்க மழையில தெனம் இப்பிடித்தான் நடக்கிறோம்” என்றார் என் வீட்டுக்காரர். “யாரு தண்ணியைப் பாத்தா?”

ஒன்றே ஒன்று அவருக்குப் பிடித்தது. ஒரு மூங்கில் துண்டில் தண்ணீர் சொட்டிச் சொட்டி நிறையும். நிறைந்ததும் அது தலை குப்புறச் சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்ப எழும்போது அடியில் இருக்கிற கல்லில் ‘டொக்’கென்று அடிக்கும். முதலில், “குடம் வைக்க எடமில்லாத பீலி” என்று பரிகாசம் பண்ணினார். ஜப்பானில் காட்டுப்பன்றியை விரட்ட அப்படி வைப்பார்கள் என்று அத்தான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “அப்பிடிச் சொல்லுங்க. இது நல்ல சாமான்” என்று மூன்று நான்கு ‘டொக்’ நின்று கேட்டார்.

கடைசியில் ஓடைக்கு வந்தோம். அகலம் அதிகமில்லை, ஒரு கானளவுதான். மேட்டிலிருந்து பாசி படிந்த கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து குளத்தில் சேர்ந்தது. நான் சின்னப் பாலத்தின் மேல் நின்றுவிட்டேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மேட்டில், வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி ஒன்று. அதற்குக் கீழே, குடத்தின் கழுத்துக்குத் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஒன்று. வளைவில், பட்டுச்சேலையை மடிக்கிற மாதிரி மெல்லிசாக ஒன்று. எல்லாம் சேர்ந்து கேட்டன. ஆனாலும் ஒன்றை ஒன்று அமுக்கவில்லை. எங்கள் பீலியில் பெண்கள் பேசுகிறபோதுகூட அந்த ஒழுங்கு கிடையாது.

அப்போது அக்கா, “விறகு பருமனா இருக்கு, வந்து பொளந்து குடுங்க” என்று சத்தம் போட்டாள். அத்தான், “கொழுந்தியா, சகலைக்கு நீ ஓடையைக் காட்டு. வாயால வேணாம், கையால காட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பாலத்தில். அவர் ஓடை ஓரமாக மேட்டுப் பக்கம் நடந்தார். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று வெற்றிலை வாய் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் அவர் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கல்லைப் பிடுங்கிக் கரையில் வைக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார் என்று நினைத்தேன். இரண்டாவதையும் பிடுங்கினார். மூன்றாவது கொஞ்சம் பெரியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கிவிட்டார்.

அடுக்களையில் அத்தான் சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வளையலைக் குலுக்கினேன். “இந்தாங்க” என்றேன். என் குரல் என் முந்தானையைக்கூடத் தாண்டவில்லை. பேர் சொல்லிக் கத்தியிருந்தால் திரும்பியிருப்பார். பேரைச் சொல்வதா! அக்கா வயிற்றுப் பிள்ளையை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன், பேரின் முதல் எழுத்து வந்தது, அதற்குமேல் வரவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்றால், பட்டப்பகலில், நடுத் தோட்டத்தில்! அவரோ கல் கல்லாக எடுத்துப் போட்டுக்கொண்டே கீழே வந்தார். நானும் “இந்தாங்க, இந்தாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிக் கல்லை எடுத்த பிறகுதான் என் குரல் அவருக்குக் கேட்டது. தண்ணீர் அதற்குள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா, இப்ப எப்பிடிப் போவுது! எந்த மடையனோ கானுக்குள்ள கல்லைக் கொட்டி வச்சிருக்கான். உன் அத்தானுக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.”

அத்தான் ஓடி வந்தார். ஒரு கையில் கோடாரி. ஓடையைப் பார்க்கவில்லை, முதலில் காதைத்தான் திருப்பினார்.

“சத்தம் எங்க?” என்றார், குழந்தையைத் தொலைத்தவர் போல.

அக்காவும் அகப்பையோடு மெல்ல நடந்து வந்தாள். என் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு ஓடைத் தண்ணீரோடு போயிற்று. “எனக்குத் தெரியாதுங்களே” என்றார். “கல்லு இருந்துச்சு, எடுத்தேன்.” உண்மை அதுதானே.

அத்தான் கோடாரியைப் போட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கினார். பாசி இருக்கிற பக்கம் மேலே, பாசி இல்லாத பக்கம் கீழே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கில் அவசர அவசரமாக அடுக்கினார். பார்வைக்குப் பழைய ஓடை மாதிரித்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் சளசளவென்று சந்தைக் கடை மாதிரி இரைந்தது. அத்தான் ஒரு கல்லை மாற்றினார். இன்னும் மோசம்.

“கண்ணை மூடிட்டு நிப்பாரே! அந்த மனுசன் கண்ணால பாத்தா ஏமாத்திப்புடலாம், காதால பாப்பாரே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அந்தக் கல்லு அங்க இல்லைங்க” என்று ஒரு குரல் கேட்டது.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள், யார் வந்திருக்கிறார்கள் என்று. யாரும் வரவில்லை. பேசினது நான்தான்.

“அந்தச் சப்பைக் கல்லு மேட்டுல இருந்துச்சு. கொஞ்சம் சாஞ்சாப்புல. அப்பத்தான் தண்ணி உள்ளுக்குள்ளேயே பேசும்.”

அத்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சப்பைக் கல்லைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்.

“இங்கயா?”

“இன்னும் மேலங்க.”

“இங்க?”

“அதுக்குப் பக்கத்துல. இல்லைங்க, அந்தப் பக்கம்.”

வெற்றிலை வாய் திரும்ப வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். யார் முகமும் தெரியவில்லை என்றதும் எனக்குப் பேச்சு சுலபமாக வந்தது. குடத்தின் கழுத்துச் சத்தத்துக்கு இரண்டு கற்கள் நெருங்கி இருக்க வேண்டும். அதை அவர் எத்தனையோ தடவை மாற்றி வைத்தார். நுவரெலியாத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அவர் பற்கள் அடிக்கிற சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. “கொஞ்சம் வாயை மூடிக்குங்க, கேக்க மாட்டேங்குது” என்றேன். அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் அக்கா சொல்லித்தான் தெரியும்.

“அடி ஆத்தி!” என்றாள் அக்கா.

கோழிக் குழம்பு ஆறிப்போயிற்று. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்றார். அத்தான் கல் எடுத்துக் கொடுத்தார். அக்கா பாலத்தின் மேல் நின்று கேட் பக்கம் பார்த்துக்கொண்டாள். ஒரு வழியாக வளைவில் பட்டுச்சேலையும் மடிய ஆரம்பித்தது. எல்லாம் முன்போல் வந்துவிட்டது. “போதும், போதும்” என்று அத்தான் கும்பிட்டார்.

“இருங்க” என்றேன் நான். “அந்த வளைவுக் கல்லைக் கொஞ்சம் திருப்பி வையுங்க.”

“எங்கிட்டு?”

“உங்க பக்கமா.”

அவர் திருப்பினார். பட்டுச்சேலைக்கு நடுவில் ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்டது. அதற்குள் கார் வருகிற சத்தமும் கேட்டுவிட்டது. அத்தான் எங்கள் இரண்டு பேரையும் மூங்கில் புதருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டுகிற மாதிரி நின்றார். கூட்டுவதற்கு ஒரு இலைகூட அங்கே இல்லை.

துரை விருந்தாளிகளோடு வந்தார். இரண்டு துரைமார், குடை பிடித்த ஒரு துரைசாணி. நாங்கள் புதருக்குள் இருந்து பார்த்தோம். என் வீட்டுக்காரர் நடுங்கியதில் மூங்கிலும் நடுங்கியது. துரை பாலத்தின் மேல் ஏறி நின்று கையை உயர்த்தினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் அடுக்களை வாசலுக்குப் போய்விட்ட அக்காவும் கண்ணை மூடிக்கொண்டாள், அவள் சாமியைக் கூப்பிட.

துரை தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கண்ணைத் திறந்தார். பாலத்தை விட்டு இறங்கி நேராக வளைவுக்கு வந்தார். என் மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். கைத்தடியால் அந்தக் கல்லை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினார். மணி நின்றது, பட்டுச்சேலை மட்டும் மடிந்தது. திரும்பி அத்தானைப் பார்த்தார்.

“ராத்ரி பெரிய மழே?” என்றார்.

நாலு நாளாக ஒரு சொட்டு விழவில்லை.

“ஆமாங்க தொரை, பெரிய மழைங்க” என்றார் அத்தான்.

துரை தலையை ஆட்டிக்கொண்டு விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் என்னவோ பெருமையாகச் சொன்னார். துரைசாணி கையைத் தட்டினாள். போகிறபோது துரை அத்தானிடம், “சரி. அடுத்த மாசம் நம்ம ஆளு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் போன சத்தம் அடங்கியதும் அத்தான் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா அழுதாள், பிறகு எங்களைத் திட்டினாள், பிறகு குழம்பைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றினாள்.

என் வீட்டுக்காரர் அத்தானின் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்து பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி குடித்தார். பல் அடிப்பது நின்ற பிறகு, மற்றவர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நேராக என்னைக் கேட்டார்.

“தொரை திருப்பி வச்சாரே, அது நான் மொதல்ல வச்ச மாதிரிதானே?”

“ஆமாங்க.”

“அது சரியாத்தானே இருந்துச்சு?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப எதுக்கு மாத்தச் சொன்னே?”

நான் சேலை நுனியைத் திருகினேன். அத்தானும் அக்காவும் என் வாயையே பார்த்தார்கள். “எனக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருந்துச்சுங்க” என்றேன்.

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். “எங்க குடும்பமே கப்பலுக்கு ஒரு காலை வச்சுக்கிட்டு நின்னுச்சு. இவளுக்குச் சத்தம் பிடிச்சிருந்துச்சாம்!”

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கும் அந்த மணிச் சத்தந்தான் நல்லாப் பட்டுச்சு” என்றார். “தொரை போயிட்டாருல்ல. வேணும்னா மறுபடி திருப்பி வச்சிட்டு வரவா?”

சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்ட எழுந்துவிட்டார்.

அத்தான் பாய்ந்து வாசலை மறித்தார். “சாமி! ஒங்க ரெண்டு பேருக்கும் புண்ணியமாப் போகும். சாப்பிடுங்க, பஸ்ஸுக்குக் கெளம்புங்க!”

சாப்பிட்டு முடித்ததும், வந்த வழியாக அத்தான் எங்களை விடவில்லை. உருளைக்கிழங்குப் பாத்தி வழியாக, மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, முள்வேலியைத் தூக்கிப் பிடித்து, ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் வரும்வரை கூடவே நின்றார். தூரத்தில் ஓடை எங்கள் காதில் விழுந்தபோதெல்லாம் சத்தமாக இருமினார்.